என் மகளின் ஹார்பின்

என் மகளுக்கு ஒன்பது வயது. ஹார்பின் நகரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள். சீனாவின் வரைபடத்தை ஒரு சேவலாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அதன் கழுத்துப் பக்கம், வடகிழக்கு மூலையில், ரஷ்யாவை ஒட்டினாற்போல் இருக்கிறது அந்த ஊர். நடுவே சொங்ஹுவா ஆறு. தென்கரையில் பழைய நகரம், எதிர்க்கரையில் சூரியத் தீவு என்று ஒன்று. ஆற்றங்கரையில் போய் முடிகிற நீண்ட கடைத்தெருவில் பாவியிருக்கும் கற்கள் ரொட்டி அளவில், ரொட்டி போலவே முதுகு உப்பியிருக்கும். குளிர்காலத்தில் அந்த ஆறு உறைந்துபோய், மனிதர்கள் அதன்மேல் கடைக்குப் போவதுபோல நடந்து போவார்கள். இதையெல்லாம் சொல்கிறவள் ஆக்லாந்தில் பிறந்து, பனி விழுவதை ஒருமுறைகூடப் பார்க்காதவள். மதுரை சென்னைக்கு வடக்கா தெற்கா என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஒரு ஊரின்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று என் கணவர் சிரித்தார். படுவார்கள். அந்த ஊர் தினமும் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, உங்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால் நீங்களும் படுவீர்கள்.

ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் ஒரே டிரைவ்வேயில் முன்னும் பின்னுமாக இரண்டு வீடுகள். பின்வீடு எங்களுக்கு வாடகை. முன்வீட்டில் ஹார்பினிலிருந்து வந்த ஓர் அம்மாவும் அவர் கணவரும். கணவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை; நான் பல் விளக்கும்போதே அவர் வேன் கிளம்பிப் போய்விடும். அந்தம்மா வீட்டிலேயே தையல். ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளத்தைக் குறைப்பது. ஐம்பது வயதைத் தாண்டியவர். குட்டையான, உறுதியான உடம்பு. சிரித்தால் தொடையில் தட்டிக்கொண்டுதான் சிரிப்பார். எனக்கு ஹென்டர்சனில் ஒரு மருந்துக்கடையில் வேலை, ரயில் பிடித்து வந்து சேர ஆறு மணி ஆகிவிடும். கணவர் கம்ப்யூட்டர்க்காரர், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளிலும் ஹெட்போனுக்குள்தான் குடியிருப்பார். பள்ளி முடிந்து குழந்தை எங்கே போவாள் என்று நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, "நான் சும்மாதானே இருக்கேன்" என்று அந்தம்மா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் நொண்டி நொண்டித்தான் ஒன்றையொன்று சந்திக்கும். மகள் எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாள். இங்கே நான் எழுதுவதெல்லாம் என் காதில் தமிழாக விழுந்தது.

முதலில் வந்தது உணவு. "அம்மா, ஹார்பின்ல ஐஸ்கிரீம் குளிர்காலத்துலதான் சாப்பிடுவாங்களாம், தெருவில நின்னுக்கிட்டே." சரி, சாப்பிடட்டும். பிறகு ஒருநாள் அவள் இருமிக்கொண்டு வந்தாள். விசாரித்தால், ஆன்ட்டி பேரிக்காயை ஃப்ரீஸரில் போட்டுக் கறுப்பாக உறைய வைத்து, பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு, மேலே கட்டின ஐஸை உடைத்துக் கொடுத்தாராம். ஜூன் மாசத்தில், இங்கே நடுக்குளிர்காலத்தில்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மருந்துக்கடையில் நாளெல்லாம் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். அன்று மாலை பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியைக் கொட்டினாள். ஆனால் முன்வீட்டில் தினமும் வெறும் சுடுதண்ணீரைக் கொடுத்தால் மடக் மடக்கென்று குடிக்கிறாளாம். சுடுதண்ணீரில் என்ன இருக்கிறது? அதைக் கொடுக்கிற கையில்தான் எல்லாம் இருக்கிறது போல.

அந்தம்மாவுக்கு ஆக்லாந்தின்மேல் ஒரே ஒரு புகார்தான். "எங்க ஊரில் குளிர் வெளியே இருக்கும். வீட்டுக்குள்ள குழாய் வழியா சூடு வரும், பனியனோட உட்காருவோம். உங்க ஊரில் குளிர் வீட்டுக்குள்ள குடியிருக்கு" என்பார், எங்கள் வாடகை வீட்டின் ஈரம் பூத்த சுவரைத் தட்டி. 'உங்க ஊர்' என்று அவர் சொன்னது ஆக்லாந்தை. எனக்கு எங்கே இருக்கிறது ஊர்?

இதுதான் விஷயம். எனக்கு ஊர் கிடையாது. தாத்தா ரயில்வேயில் இருந்தவர், அப்பா வங்கியில். இரண்டு தலைமுறையாக மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டின குடும்பம். யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டால் நான் முதலில் மூச்சை இழுத்துக்கொள்வேன். குலதெய்வம் கோயில் எங்கே என்றால்கூட அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூர், பிறகு இங்கே. பணக்காரர்கள் இருக்கும் எப்சமில் வீடு வாங்கினவர்களைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும், ஆனால் அது எல்லாருக்கும் எரிகிற எரிச்சல். ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்து ஒரு மாலைப்பொழுதை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எரிவது வேறு.

வருஷக் கடைசியில், நான்காம் டெர்மில் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். உன் குடும்பத்துக்கு முக்கியமான ஓர் ஊரை எடுத்துக்கொள். அதன் புவியியலையும் வரலாற்றையும் ஓர் அட்டையில் ஒட்டி வகுப்பில் பேசு. பெற்றோரும் வந்து கேட்கலாம். மகள் பையைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "நான் ஹார்பின் எடுக்கிறேன்."

"குடும்பத்துக்கு முக்கியமான ஊர்னு போட்டிருக்கே" என்றேன்.

"ஆமா."

"ஹார்பின் நம்ம குடும்பமா?"

"சரி, உன் ஊர் எது? அதை எடுக்கிறேன்."

"பிறந்தது தர்மபுரி. ஒண்ணாம் கிளாஸ் காரைக்குடி. அப்புறம் விழுப்புரம், நாகர்கோவில். காலேஜ் திருச்சி."

"அதுல எது உன்னோடது?"

"எல்லாமேதான்."

"எல்லாத்துக்கும் அட்டையில இடம் பத்தாதும்மா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அட்டையை அளந்து பார்த்த நியாயத்தோடுதான் சொன்னாள். அப்பா ஊரையாவது எடு என்றேன். என் கணவர் ஹெட்போனைக் கழற்றாமலே, "நான் அம்பத்தூர், அங்க ஃபேக்டரிதான் இருக்கு" என்று எனக்கு மீதி இருந்த ஒரே ஆயுதத்தையும் பிடுங்கிப் போட்டார்.

மறுநாளிலிருந்து மருந்துக்கடையின் பின்னறையில், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நானும் போனில் ஹார்பினைப் படித்தேன். பக்தியால் இல்லை. குறை கண்டுபிடிக்கத்தான். மகள் எவ்வளவு படித்தாளோ அவ்வளவும் படித்தேன், அதற்கு மேலும் படித்தேன். சில நாட்களிலேயே நல்லதாக ஒரு குறை அகப்பட்டது. அந்த ஊருக்கு வயதே இல்லை! ஆற்றங்கரையில் மீன்பிடிக் குடிசைகளாகக் கிடந்த இடம். மஞ்சு மொழியில் வலை காயப்போடும் இடம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு ரஷ்யாக்காரர்கள் மஞ்சூரியாவின் குறுக்கே தங்கள் ரயிலைக் கொண்டுபோக, அந்த ரயிலும் ஆறும் சந்தித்த இடத்தில் முளைத்தது ஊர். நூறு சொச்சம் வருஷம். வெங்காயம் போலப் பச்சைக் கோபுரம் வைத்த தேவாலயம், புளிப்பு ரொட்டி, புகையில் வாட்டிய சிவப்பு சாசேஜ், எல்லாம் ரயிலோடு வந்து இறங்கியவை. ரஷ்யாவில் புரட்சி வந்ததும் அதற்குத் தப்பி ஓடி வந்தவர்கள் அங்கே தங்கினார்கள், யூதர்கள் தங்கினார்கள். பிறகு ஜப்பான் வந்து பிடித்துக்கொண்டது.

ஜப்பான் காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு முகாமில் மனிதர்களை எலிகளாக்கி நோய்களைச் சோதித்தார்கள் என்பதையும் படித்தேன். இது மகளின் அட்டையில் இல்லை. அந்தம்மா அவளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் ஊருக்கும் ஒரு கறுப்பு இருக்கிறது என்று மனசு துள்ளியது உண்மை. அப்புறம் சாதம் இறங்கவில்லை. குழந்தையிடம் எதைச் சொல்வது, எதை இன்னும் சில வருஷத்துக்குத் தள்ளி வைப்பது என்று நானாக இருந்தாலும் அப்படித்தான் தீர்மானித்திருப்பேன். அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆனால் வயது விஷயத்தை விடவில்லை. "உங்க ஆன்ட்டி ஊரு நேத்துப் பெய்ஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான். நம்ம பக்கத்துக் கோயில் படிக்கட்டுக்கு அதைவிடப் பல மடங்கு வயசு" என்றேன் மகளிடம்.

"எந்த ஊர்க் கோயில்?" என்றாள்.

அவள் அதை அப்படியே முன்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தம்மா கோபித்துக்கொள்வார் என்று நான் ஒரு பதிலைத் தயாராகவே வைத்திருந்தேன். அவரோ அடுத்த நாள் என்னைப் பார்த்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார். "சரியாச் சொன்னீங்க! எங்க ஊரில் யாருக்குமே அது பூர்வீகம் இல்லை. என் தாத்தாவோட அப்பா தெற்கே ஷான்டொங் மாகாணத்தில் பஞ்சம்னு பிழைக்க வந்தவர். அவரைப் போல எத்தனை ஆயிரம் பேர்! ரஷ்யன் வந்தான், நாங்க வந்தோம், எல்லாரும் வந்தவங்கதான்." மகள் ஒரு புது வண்ணத்தாளை வெட்டி, 'எல்லாரும் வந்தவர்கள்' என்று எழுதி அட்டையின் நடுவிலேயே ஒட்டிவிட்டாள். நான் எறிந்த கல்லை எடுத்து அவர் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்ட மாதிரிதான்.

மகள் வகுப்பில் பேசின நாளன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வகுப்பில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நானும் அந்தம்மாவும் முழங்காலை மோவாய் வரை மடக்கிக்கொண்டு அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். மகள் நன்றாகப் பேசினாள். டிசம்பரில் ஆற்றிலிருந்து ஐஸை ரம்பத்தால் அறுத்து, கட்டைகளாக இழுத்து வந்து, கோபுரமும் பாலமும் கட்டி, உள்ளே விளக்குப் போடுவதைச் சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வசந்தம் வந்தால் எல்லாம் உருகிவிடும், அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து கட்டுவார்கள் என்று கையை விரித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை தடுமாறினால்கூட நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். அத்தனையும் எனக்கும் மனப்பாடம். தடுமாறவில்லை.

"இந்த ஊரை ஏன் எடுத்துக்கொண்டாய்?" என்று டீச்சர் கேட்டார்.

அவள் அந்தம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள். "எங்க அம்மாவுக்கு நிறைய ஊர் இருக்கு. அதனால ஒண்ணே ஒண்ணு இருக்கிறவங்களோடதை எடுத்தேன்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தம்மாவின் கண் நிறைந்திருந்தது. எனக்கு அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

டிசம்பர் கடைசியில் இன்னொன்று நடந்தது. வடக்கே வருஷத்தின் மிகக் குறுகிய பகல் வருகிற நாளில் ஹார்பின்காரர்கள் டம்ப்ளிங், நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்று, சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் அந்தக் குளிர்காலத்தில் காது உறைந்து விழுந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அன்று ஆக்லாந்தில் வருஷத்திலேயே நீளமான பகல். வெயில் கொளுத்துகிறது, டிரைவ்வேயில் தார் இளகுகிறது, இந்தம்மா காது விழாமலிருக்க மாவு பிசைகிறார். எனக்குச் சிரிக்கத் தகுதியில்லை. அதே வாரம் நானும் மார்கழி என்று விடிகாலையில் எழுந்து, குளிரே இல்லாத வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்காகவே இறைச்சி போடாமல், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கின பூண்டுத்தாளும் காளானும் வைத்துத் தனியாகச் செய்கிறேன், மூன்று பேரும் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

மத்தியானம் அவர் எங்கள் கதவைத் தட்டினார். உப்புத் தீர்ந்துவிட்டதாம். நான் உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தேன். அவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். நான் டப்பாவைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். நீட்டின கைகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு அவர் குனிந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர் மேஜையில் ஆவி பறக்கிற தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மகள் ஒன்றை விழுங்கிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள். "அம்மா, ஆன்ட்டி கையைத் தொட உனக்குப் பிடிக்காதா?"

என் கணவரின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. அந்தம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்து, "வேண்டாம், வேண்டாம்" என்றார். மகளோ விடுவதாக இல்லை. பச்சைமிளகாய் கேட்டால் ஜன்னலில் வைப்பது, ஊசி கேட்டால் படிக்கட்டில் வைப்பது, உப்பைக் கேட்டால் செருப்பு ஸ்டாண்டில் வைப்பது. ஆன்ட்டி எது கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுக்கிறார், அம்மா மட்டும் ஏன் கீழே வைக்கிறாள்? ஆன்ட்டி தன்னிடம் கேட்டாராம், தனக்குத் தெரியவில்லையாம்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. உப்பு, மிளகாய், ஊசி இதெல்லாம் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் வழக்கம், அதனால்தான் வைத்து எடுப்போம் என்று இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன். "கை பிடிக்காததால இல்லை. உங்களோட சண்டை வந்துடக் கூடாதுன்னுதான்."

அந்தம்மா என்னையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். உள்ளே போய் என் உப்பு டப்பாவைக் கொண்டு வந்து, மேஜையில் மிக மரியாதையாக வைத்து, கையை எடுத்துக்கொண்டு, எடுங்கள் என்று தலையை ஆட்டினார். நானும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று குத்தியது. இரண்டு வருஷமாக இந்த மனுஷி நான் தன்னை அருவருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே என் பிள்ளையின் தலையைப் பின்னி விட்டிருக்கிறார். நானாக இருந்தால் முதல் மிளகாயிலேயே வாசலை அடைத்திருப்பேன். இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டுமா என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

தட்டு காலியானபோதுதான் அவர் சொன்னார். ஹார்பினில் இருக்கிற தன் மகளுக்குப் பிப்ரவரியில் பிரசவம். ஜனவரியில் கிளம்புகிறார். முதல் பிரசவம், தாய் இல்லாமல் எப்படி. பேரப்பிள்ளை கொஞ்சம் வளரும் வரை அங்கேதான். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டு எல்லாத் தாய்மார்களையும் போல நாலு வார்த்தை சொன்னேன், மனசு மட்டும் பம்பரமாகச் சுற்றியது. மறுநாளே மருந்துக்கடையில் பேசி, லீவு முடிந்து பள்ளி திறக்கிற பிப்ரவரியிலிருந்து காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். பள்ளி வாசலில் இனிமேல் நான் நிற்பேன். ஜனவரியில் இரண்டு வாரம் லீவும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் போன அன்று நல்ல வெயில். கையில் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற தடித்த கோட்டு, அதைப் பார்க்கவே எனக்கு வியர்த்தது. மகளைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ நெடுநேரம் சொன்னார். அவள் தலையாட்டினாள். என்னைப் பார்த்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கணவரின் வேன் டிரைவ்வே முனையில் திரும்பும் வரை மகள் கையை ஆட்டினாள். அழவில்லை. உதடுகூடத் துடிக்கவில்லை. உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அதுவும் நிம்மதியாக நினைத்துக்கொண்டேன்.

அதோடு இன்னொரு அதிசயம். அன்று மதியம் சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, தர்மபுரி எப்படி இருக்கும்?" என்றாள்.

நான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மாடிவீட்டையும், படுத்தால் கண்டக்டர்களின் குரல் கேட்பதையும் சொன்னேன். அடுத்த நாள் காரைக்குடி கேட்டாள். தண்ணீர் லாரி வரும்போது குடங்களை வரிசையில் விட்டுவிட்டுப் பெண்கள் சண்டை போட்டதைச் சொன்னேன். நாகர்கோவிலில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் என்றதும், "ரெண்டா?" என்று கண்ணை விரித்தாள். வரைபடம் போட்டுக் காட்டச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குள் ஊர்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டு எழுந்தன. இத்தனை நாளும் முன்வீடு மறைத்துக்கொண்டிருந்தது, அது விலகியதும் என் பிள்ளை என்னிடம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கணவரிடம் பெருமையடித்தேன். எனக்கும் ஊர் இருக்கிறது என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லாத குறைதான்.

லீவு முடிகிற வாரம். சாயங்காலம் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம். துவைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை, எல்லாம் என் தோளில் இருக்கிறது. "யாரு சும்மா மெஷினைப் போட்டது? கரண்ட் என்ன ஓசியிலயா வருது?" என்று கத்திக்கொண்டே அந்தச் சின்ன அறைக் கதவைத் திறந்தேன்.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க அழுது வீங்கியிருந்தது. மெஷினுக்குள் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது.

துணியைப் போட்டுவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "என்னடா? ஏன் இங்க வந்து அழுற?"

"சத்தம் கேக்காதுன்னு."

"யாருக்குக் கேக்காதுன்னு?"

"உனக்கு."

விக்கி விக்கித்தான் மீதி வந்தது. ஆன்ட்டிதான் சொன்னாராம், போகும்போது காதில். நான் போய்ட்டேன்னு அம்மா முன்னாடி அழாதே, அம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்கும். அம்மாகிட்ட அவங்க ஊரெல்லாம் ஒவ்வொண்ணாக் கேளு, அவங்களுக்கு அது பிடிக்கும், அவங்ககிட்ட யாருமே கேட்டதில்லை. "நான் தினமும் கேட்டேன்ல?" என்றாள், வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி.

அப்போது எனக்கு வந்ததும் பொறாமைதான். வேறென்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? என் பிள்ளை என்னிடம் வந்துவிட்டாள் என்று நான் கொண்டாடிய அந்த இரண்டு வாரமும் அந்த மனுஷி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதையும் எனக்குத் தெரியாமல், நான் குனிந்து எடுத்துக்கொள்ளும்படி, வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் ஒன்பது வயதுக் குழந்தை என் முகம் வாடிவிடுமே என்று, அழுவதற்கு ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நான் சொன்ன ஊரெல்லாம் உனக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "நாகர்கோவில் பிடிச்சுது. விழுப்புரம் கொஞ்சம் போர்."

"ஹார்பின் அளவுக்கு?"

என் கண்ணைப் பார்த்துக்கொண்டு, எதைச் சொன்னால் எனக்கு வலிக்காது என்று தேடினாள். அந்தத் தேடலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மெஷினை எட்டி நிறுத்தினேன். அறை அமைதியாகிவிட்டது. "இனிமே அழணும்னா சத்தமா அழு. வீட்டுக்கு நடுவுல உட்கார்ந்து அழு. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

போனை எடுத்து, மகள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நான் பக்கவாட்டில் இருந்தபடியே அந்தம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். ஒரு சமையலறை, கண்ணாடி ஜன்னல் முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது, அவர் அரைக்கைச் சட்டையோடு நின்றார். பின்னால் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ கொறித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் வாயைத் திறந்து, நான் அதுவரை கேட்டிராத குரலில், ஓவென்று அழுதாள்.

அந்தம்மா பதறிப்போனார். ஜாடையாக உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ், அம்மா எங்கே? அம்மாவுக்குக் கேட்டுடும்" என்று கிசுகிசுத்தார். போனைப் பிடித்திருந்த கை என்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா இங்கதான் இருக்காங்க" என்றாள் மகள் அழுகையினூடே. "அழலாம்னு சொல்லிட்டாங்க."